சட்டி மாறினால் சமையல் மாறும்: சூப்பர்மோட்டோ சக்கரம் எப்படி இயங்குகிறது?

அக்கா மகன் கேட்டது ஒரே வரிதான். "மாமா, எக்ஸ்பல்ஸுக்குப் பதினேழு இஞ்ச் போட்டுடலாமா?"

வாசலில் நின்றது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. காட்டுப்பாதைக்காகப் பிறந்த வண்டி. இவன் ஓட்டுவது கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவே. வண்டியின் உயரம் அப்படியே இருக்க வேண்டும், கீழே மட்டும் தார் ரோட்டு டயர் வேண்டும். அதற்குப் பெயர்தான் சூப்பர்மோட்டோ. 1979-ல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் மைதானத்தில் 'சூப்பர்பைக்கர்ஸ்' என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். தார்ச்சாலை வீரன், மண்தடத்து வீரன், மேடுபள்ளம் தாவுகிற வீரன் மூவரையும் ஒரே களத்தில் இறக்கி, யார் கெட்டிக்காரன் என்று பார்க்கும் ஏற்பாடு. தாரும் மண்ணும் கலந்த அந்தத் தடத்துக்குத் தோதாக, மண்வண்டிக்குச் சிறிய அகலச் சக்கரம் போட ஆரம்பித்தார்கள். அமெரிக்கா பிறகு அதை மறந்தது, பிரான்ஸ்காரர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

நான் அவனை அக்காவின் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். "சட்டியை மட்டும் மாத்தினா சமையல் அப்படியே இருக்கும்னு நினைக்கிறியா?" அக்கா சிரித்தாள். வெண்கல உருளியில் கிண்டுகிற பாயசத்தை மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் கிண்டிப் பார்த்தவள் அவள். தீ, நேரம், கிண்டுகிற கை எல்லாமே மாற வேண்டியிருந்தது.

முதலில், ஏன் 17? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குக்கருக்கு காஸ்கெட் வாங்கப் போனால் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அளவு ஒன்று இருக்குமே, அந்தக் கதைதான். சாலை வண்டிகளுக்கும் பந்தய வண்டிகளுக்கும் நல்ல ரப்பர் கலவையில் வருகிற டயர்களில் பெரும்பாலானவை 17 அங்குலத்துக்குத்தான். 21-க்குப் போனால் கட்டை கட்டையாகப் பொத்தான் வைத்த மண் டயர்தான் அதிகம் கிடைக்கும். மண்ணில் அந்தப் பொத்தான்கள் புதைந்து பிடிக்கும். தாரில் பொத்தானின் தலை மட்டும்தான் தொடும். தோசைக்கல்லில் இடியாப்பத்தை வைத்து முறுகலாக்கப் பார்ப்பதுபோல. கல்லில் ஒட்டுவது பாதி, மீதி காற்று. தார் டயர் தோசை, முழுசாகப் படியும்.

டயரின் குறுக்கு வடிவத்துக்கு அப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடித்த மெத்தை, ஓரத்தில் மொறுமொறு. இரண்டு கலவை டயர்கள் இதைத் தலைகீழாக்கிய அப்பம்: நேரே ஓடும்போது தேயும் நடுப்பகுதி கெட்டி ரப்பர், வளைவில் சாயும்போது தொடும் ஓரம் மெத்து ரப்பர். (ரப்பர் என்றதும் ஒன்று: ரப்பர் வாரியத் தலைமையகம் இருக்கும் கோட்டயம் இங்கிருந்து இரண்டு மணி நேரம், 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி எம்.ஆர்.எஃப்.-ஐ உருவாக்கியவரும் மலையாளிதான். டயர் இந்த மண்ணுக்கு வெளியூர்ப் பண்டம் அல்ல.)

பையன்கள் சறுக்குவது அடுத்த இடத்தில். "அகல டயர் போட்டா கிரிப் ஜாஸ்தி" என்று, இருக்கிற ஒல்லி ரிம்மிலேயே தடி டயரைத் திணிப்பார்கள். அக்காவின் இட்லித் தட்டையும் பணியாரக் கல்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒரே மாவு. பணியாரக் குழியில் ஊற்றினால் உருண்டையாக எழும்புகிறது, இட்லிக் குழியில் பரவி உட்காருகிறது. டயர் மாவு, ரிம் குழி. ஒல்லி ரிம்மில் அகல டயர் இரண்டு பக்கமும் நெருக்குண்டு நடு உச்சி எழும்பிவிடும். நேரே போகையில் தொடுவது ஒரு கோடு, சாய்த்தால் சட்டென்று விழும். ஆகவே டயரை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்கேற்ற ரிம்மைப் பிறகு. முழு சூப்பர்மோட்டோவில் முன்னால் 120/70-17 டயருக்கு 3.5 அங்குல ரிம், பின்னால் 150/60-17-க்கு 4.25, 160/60-க்கு 4.5 அல்லது 5. இருநூறு சி.சி. எஞ்சினுக்கு இதெல்லாம் அண்டாவில் ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது. ஹீரோவே இதே எஞ்சினில் எக்ஸ்பல்ஸ் 200டி என்று 17 அங்குலச் சக்கர வண்டி விற்றது. அதன் அளவு முன்னால் 100/80, பின்னால் 130/70. கம்பெனி செய்த கணக்கு நம் கையில் இருக்கிறது. அதை மீறுவதற்குக் காரணம் வேண்டும். ஆசை காரணம் ஆகாது.

இனி சட்டி மாறினால் என்னென்ன மாறும் என்று பார்ப்போம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவனையே கணக்குப் போடச் சொன்னேன். இப்போதுள்ள 90/90-21 முன் டயரின் மொத்த விட்டம் 695 மி.மீ. 100/80-17 போட்டால் 592. ஆக, முன் அச்சு 52 மி.மீ. இறங்கும். பின்னால் 120/80-18-க்கு 649, 130/70-17-க்கு 614; அங்கே இறக்கம் 18 தான். வண்டி மொத்தமாக இறங்கவில்லை, மூக்கைக் குத்திக்கொண்டு இறங்குகிறது. அடுப்பின் முன்கால் இரண்டையும் அறுத்துவிட்டு எண்ணெய்ச் சட்டி வைத்த மாதிரி.

இதனால் முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் சாய்வு நிமிரும். ஹேண்டில் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி ஒன்று இருக்கும்; டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால். இந்த இடைவெளிதான் 'ட்ரெயில்'. வண்டி தன்னால் நேராக ஓடுவது இதன் தயவில். சக்கரம் சிறுத்து, மூக்கும் இறங்கினால் ட்ரெயில் ஏறக்குறைய 30 மி.மீ. குறைந்துவிடும். சந்துக்குள் வண்டி வெண்ணெயாகத் திரும்பும். நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது ஹேண்டில் லேசாகி, பயமுறுத்தும். இந்த ஒன்றுக்காகவே பந்தயக்காரர்கள் போர்க்கைப் பிடிக்கும் கிளாம்ப்பை மாற்றி ட்ரெயிலை மீட்டெடுக்கிறார்கள். அந்தப் பாகம் வாங்க முடியாதவர்கள் பின் உயரத்தைக் குறைத்து மூக்கைச் சமன் செய்யலாம்.

பிரேக்கும் மாறும். டிஸ்க் அதேதான், காலிப்பர் அதேதான், ஆனால் சக்கரத்தின் ஆரம் சிறுத்ததால் அதே அழுத்தத்துக்குத் தரையில் 17 சதவீதம் கூடுதலாகக் கடிக்கும். நீளப் போர்க் கொண்ட வண்டி, பிரேக் தொட்டதும் தலை கவிழும். பின்னால் கியர் 6 சதவீதம் சுருங்கும். சுறுசுறுப்பு கூடும், நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும். வேகத்தை முன் சக்கரத்திலிருந்து எடுக்கும் வண்டியில் மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் ஓடுவது 51. ஏ.பி.எஸ். இருந்தால் சென்சார் வளையமும் புதுச் சக்கரத்தில் அதே இடத்தில், அதே பல் எண்ணிக்கையில் உட்கார வேண்டும். அப்புறம் சைடு ஸ்டாண்டு! யாரும் யோசிப்பதில்லை. வண்டி 35 மி.மீ. இறங்கியதும் ஸ்டாண்டு நீளமாகிப்போய், வண்டி நிமிர்ந்து நிற்கும். காயலிலிருந்து ஒரு காற்றடித்தால் வலது பக்கம் சாயும்.

எல்லாம் குறைதானா என்றால் இல்லை. பெரிய சக்கரம் ஆட்டுக்கல் குழவி மாதிரி. சுழல ஆரம்பிக்கச் சோம்பல், திசை மாற்ற அதைவிடச் சோம்பல். விளிம்பு எடை மையத்துக்கு அருகே வந்தால் வண்டி உடனுக்குடன் சாயும், எழும். ஒரு தடவை ஓட்டினால் இந்தச் சுகத்துக்கு மனம் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை.

சரி, வார்ப்பு அலாயா, போக்ஸ் கம்பியா? தாவிக் குதிக்கிற வண்டிக்குக் கம்பிதான். அடி வாங்கினால் வளைந்து கொடுக்கும், ஒரு கம்பி போனால் ஒரு கம்பியோடு போகும். ஆனால் கம்பி ரிம்மில், கம்பியைப் பூட்டும் ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு ஓட்டை. டியூப் இல்லாமல் ஓட்ட அத்தனை ஓட்டையையும் அடைக்க வேண்டும். காயிக்கா கடையின் பிரியாணியை மட்டாஞ்சேரியில் யாரும் அறியாமல் இருக்க முடியாது. தம் போடும்போது மூடியைச் சுற்றி மாவு ஒட்டி ஆவியை அடைக்கிற வித்தையும் தெரிந்ததே. ரிம்முக்குள் சீலன்ட் டேப் ஒட்டுவது அந்த மாவு வேலைதான். மாவில் ஒரு கீறல் விட்டால் தம் போச்சு. டேப் ஒட்டுமுன் ரிம்மை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்கவில்லை என்றால், ஒட்டாமல் இருப்பதே மேல். ஓரத்தில் டயர் நழுவாமல் தடுக்கும் மேடு உள்ள ரிம்மாக இருந்தால் மட்டும் டியூப்லெஸ்; இல்லாவிட்டால் டியூப் போடுங்கள், கீழே ரிம் நாடாவும் சேர்த்து.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கடற்காற்று, உப்பு, ஜூனில் தொடங்கும் மழை. ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு அலுமினிய நிப்பிள் போட்டால் அழகாக இருக்கும், எடையும் குறையும். ஆனால் அது மாங்காய் ஊறுகாயை அலுமினியச் சட்டியில் போட்டுவைப்பது. இரண்டு உலோகம், நடுவில் உப்பு நீர். அலுமினியம் அரிக்கும், நிப்பிள் கம்பியோடு இறுகிப்போகும், அடுத்த தடவை திருகினால் கம்பி முறியும். நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள்தான் கொச்சிக்குச் சரி.

கம்பி கோர்ப்பது எப்படி? பழைய ரிம்மைக் கழற்றும் முன், நேரான சட்டத்தை ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தின்மேல் வைத்து, ரிம் ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதை அளக்காமல் கம்பியை அவிழ்த்துவிட்டு, பிறகு சக்கரம் நடுவில் நிற்கவில்லை என்று புலம்பியவன் நானே. ரிம் சிறுத்ததால் கம்பியும் குட்டையாக வேண்டும். புது நீளத்துக்கு மரை போட்ட கம்பி செய்து வாங்க வேண்டும்.

கோட்டம் எடுப்பதை எனக்குப் புரியவைத்தது பாட்டியின் இட்லித் துணி. அந்தக் காலத்துப் பானையில் வாய் மேல் துணியைக் கட்டி மாவு ஊற்றுவார்கள். ஒரு பக்கம் இழுத்தால் துணி அந்தப் பக்கம் போகும், எதிர்ப்பக்கம் தளரும். பாட்டி ஒரே இடத்தில் இறுக்கமாட்டாள். சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பாள். கம்பியும் அப்படியே. முதலில் எல்லா நிப்பிளையும் ஒரே அளவு மரை தெரியும்படி திருகி நிறுத்துங்கள். பிறகு மேல்கீழ் ஏற்ற இறக்கம், அதன் பிறகே பக்க ஆட்டம். வலப்பக்கம் தள்ளியிருந்தால் இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள். வண்டிக் கையேடுகள் பலவும் இரண்டு ஆட்டத்துக்கும் 2 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கின்றன. புதிதாகக் கோர்த்த சக்கரத்துக்கு அதில் பாதியைத் தாண்ட விடாதீர்கள்.

பேரிங்குகளுக்கு நடுவே ஒரு குழாய் ஸ்பேசர் இருக்கும். வேறு வண்டியின் பழைய சக்கரத்தைச் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிக் கொண்டுவந்தால் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அதுதான். இட்லித் தட்டுகளுக்கு நடுவே இருக்கும் சின்னத் தண்டை எடுத்துவிட்டு அடுக்கிப் பாருங்கள். மேல் தட்டு கீழ் இட்லியை நசுக்கும். ஸ்பேசர் இல்லாமல் அச்சு நட்டை இறுக்கினால் பேரிங்குக்கு அதே கதி. அச்சின் தடிமன், டிஸ்க் நிற்கும் இடம், செயின் நேர்க்கோடு மூன்றும் பொருந்தாமல் எந்தச் சக்கரமும் 'அப்படியே ஏறும்' என்று சொல்பவரை நம்பாதீர்கள். முன் அச்சைப் பூட்டும்போது நட்டை இறுக்கி, பிரேக் பிடித்தபடி போர்க்கை நாலு முறை அமுக்கி, அதன் பிறகே கீழ்க் கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்குங்கள். போர்க் கால்கள் தம் இடத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் கேட்ட பிறகு அவன், "போட்டுடலாம்ல?" என்றான்.

சாலைக்கு என்றால் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி அளவிலிருந்து மாறுகிறபடி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். இங்கே உயர் நீதிமன்றம் தளர்த்தியதை அங்கே மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பஜார் ரோட்டுக்கு 17 அங்குலம் வேண்டுமென்றால் 17 அங்குலத்தோடு பிறந்த வண்டியை வாங்குவதுதான் நேர்வழி. சூப்பர்மோட்டோ பைத்தியமே பிடித்திருந்தால் இரண்டாவது ஜோடிச் சக்கரம் செய்து, வண்டியை டெம்போவில் ஏற்றி, கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி மூடிய தடத்துக்குப் போங்கள்.

அப்படிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நூறு கிலோமீட்டரில் கம்பிகள் தம் இடத்தில் அமர்ந்து கொஞ்சம் தளரும். மண்சட்டி வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போமே, அதுபோல ஒரு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டுங்கள். எல்லாம் 'டிங்' என்று ஒரே சுரத்தில் ஒலிக்கும்போது, ஒன்று மட்டும் 'டப்' என்றால் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.