சிராய் இல்லாம அறுங்க... படகு ரெடி!

படகு கட்டணும்னா பெரிய பட்டறையும் பத்து ஆசாரியும் வேணும்னு நினைக்கறீங்களா? எட்டுக்கு நாலு பிளைவுட் சில ஷீட், ரம்பம், செம்புக் கம்பி, ரெசின்... மொட்டை மாடியே போதும் பாஸ்! (கட்டினதை எப்படி இறக்கறதுன்னு மட்டும் முன்னாடியே யோசிச்சுக்கோங்க!)

சும்மா சொல்லலை. 1963-ல் இங்கிலாந்தின் 'டெய்லி மிரர்' பத்திரிகை ஆதரவோடு வந்த 'மிரர்' பாய்மரப் படகு இந்த ரகம்தான். படகு டிசைனர் ஜாக் ஹோல்ட்டும், டி.வி-யில வீட்டு மராமத்து சொல்லிக்கொடுத்த பேரி பக்நெலும் சேர்ந்து உருவாக்கினது. பிளைவுட் துண்டுகளைக் கம்பியால் தைச்சு, இணைப்புல பைபர் கிளாஸ் பட்டையை ரெசின் வெச்சு ஒட்டணும். அவ்ளோதான்! 70,000 படகுகளுக்கு மேல உருவாச்சு. நம்ம குமரிக் கடற்கரையிலும் 1980-களில் மரைன் பிளைவுட் வள்ளங்கள் அலையில இறங்கின.

சட்டை தைக்கற மாதிரிதான் இதுவும். துணியைக் கோணலா வெட்டினா சட்டையும் கோணல்! இடது, வலது பலகைகள் ஒரே அளவா இல்லேன்னா படகு முறுக்கிக்கும். ஓரம் பிய்ஞ்சா, கம்பி போடற ஓட்டை கிழியும். சரியா மூடாத ஓரத்துல தண்ணி புகுந்தா, பிளைவுட் அடுக்கடுக்கா பிரியும்.

எந்தப் பக்கம் மேலே?

பிளைவுட்டோட மேல் அடுக்கு ரொம்ப மெல்லிசு. ரம்பத்தின் பல் உள்ளே நுழையற பக்கம் சுத்தமா இருக்கும். வெளியே வர்ற பக்கத்துல நாரைப் பிடிச்சுக்க எதுவும் இல்லாததால சிராய் எகிறும். இதைப் பிடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

* தள்ளி அறுக்கற கைரம்பம்: பல் மேலிருந்து கீழே போகும். நல்ல பக்கம் மேலே.

* கையில பிடிச்சு ஓட்டற சர்குலர் சா, சாதாரண ஜிக்சா பிளேடு: கீழிருந்து மேலே அறுக்கும். நல்ல பக்கம் கீழே.

அறுக்கறதுக்கு முன்னாடி...

* வளைவுக் கோட்டை வெறும் கையால போடாதீங்க. புள்ளிகள்ல ஆணி அடிச்சு, முடிச்சில்லாத மெல்லிய ரீப்பரை வளைச்சு வெச்சுக் கோடு போடுங்க.

* கோட்டு மேல கட்டர் கத்தியால ரெண்டு மூணு தடவை அழுத்திக் கீறுங்க. நார் முதல்லயே அறுந்துடும். மாஸ்கிங் டேப் ஒட்டினாலும் பலன் உண்டு.

* ஷீட்டுக்கு அடியில பழைய பிளைவுட்டோ, கெட்டி தெர்மாகோலோ முழுசா தாங்கணும். தொங்கினா கடைசி நிமிஷத்துல முறியும்.

* சர்குலர் சாவில் பொடிப்பல் கார்பைடு பிளேடு போடுங்க. ஆழம், ஷீட் கனத்தைவிடச் சில மில்லிமீட்டர் கூட இருந்தா போதும். பெரிய வளைவுக்கு இதுவே போகும். சின்ன வளைவுக்குத்தான் ஜிக்சா.

* கோட்டு மேலயே அறுக்காம, 1 முதல் 2 மி.மீ. வெளியே அறுங்க. அப்புறம் இடது, வலது பலகைகளை ஒண்ணா க்ளாம்ப் போட்டு, இழைப்புளியால கோடு வரைக்கும் சீவுங்க. ரெண்டும் அச்சு அசல் ட்வின்ஸ்!

பாக்கெட் மணி பத்திரம்!

கடையில 'வாட்டர் ப்ரூஃப்'னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க. மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பாருங்க. விலை கூடதான். அதனால முதல் வெட்டை அதுல போடாம, துண்டு பிளைவுட்ல கை பழகுங்க. ஷேப் சரியா வருமான்னு அட்டையில சின்ன மாடல் செஞ்சும் பார்த்துடலாம்.

கண்ணாடி, மாஸ்க் கட்டாயம். பிளேடு மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க. ரம்பம் ஓடறப்ப செல்போன் அடிச்சா... அடிக்கட்டும், விடுங்க!

அப்புறம், படகு இறங்கற அன்னிக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு ஏறுங்க. கரையில நின்னு 'இது மிதக்குமா மச்சி?'னு கேட்கறவனுக்கும் ஒண்ணு எடுத்து வைங்க. அடுத்த ரவுண்டுல அவனும் ஏறுவான்!