வெடிக்கும் காய்க்குள் ஒரு கணக்கு

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. உச்சி வெயிலில் பால்மரத்தின் மேலே ‘பட்’ என்று ஒரு வெடி. கொஞ்சம் பொறுத்து, எங்கோ தள்ளி, லயத்துத் தகரக் கூரையில் ‘டங்’. இடையில் ரப்பர் கொட்டை பறந்த வேகம் எவ்வளவு? கண்ணுக்குச் சிக்காது, கணக்குக்குச் சிக்கும்.

பால்மரக் காய்க்குப் பெரும்பாலும் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. முற்றிக் காயும்போது ஓட்டின் அடுக்குகள் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. ஒன்று இழுக்க, இன்னொன்று விடாமல் நிற்க, ஓடு முறுக்கேறி, இழுத்துப் பிடித்த உண்டிவில்லைப் போல் சக்தியைச் சேர்த்துவைக்கிறது. பிளந்த கணத்தில் அதில் ஒரு பங்கு கொட்டையின் இயக்கச் சக்தியாகிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கப்பலேற்றிய சுமார் 70,000 கொட்டைகளின் வழிவந்தவைதான் நம் மரங்கள். அமேசான் காட்டில் தாய்மரத்து நிழலைவிட்டுத் தள்ளி முளைக்கப் பழகிய வித்தையைக் கெடாவின் நிரைகளிலும் அவை விடவில்லை.

இயக்கச் சக்தியை இரண்டால் பெருக்கி, பொருண்மையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். பொருண்மை கிலோகிராமில் இருக்கவேண்டும். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். கொட்டை 4 கிராம், அதாவது 0.004 கிலோ. வெடிப்பு அதற்கு 0.2 ஜூல் தந்ததாக வைத்துக்கொள்வோம். 0.4-ஐ 0.004-ஆல் வகுத்தால் 100, வர்க்கமூலம் 10. வினாடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர்.

நாமாக வைத்த 0.2 பொருந்துகிறதா? 15 மீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் தெறித்த கொட்டை தரைக்கு வர ஏறக்குறைய 1.7 வினாடி. அதற்குள் 17 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்; காற்று கொஞ்சம் குறைக்கும். மரத்திலிருந்து 15 மீட்டர் தள்ளிக் கொட்டை பொறுக்கியவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படி. விழும் வழியில் புவியீர்ப்பு இன்னும் 0.6 ஜூல் சேர்க்கிறது. மொத்தம் 0.8, புறப்பட்டதைப்போல் நான்கு மடங்கு. வேகமும் நான்கு மடங்காகும் என்றுதான் மனம் சொல்லும். வர்க்கமூலம் விடாது: இரண்டே மடங்கு, வினாடிக்கு 20 மீட்டர். காற்றுத்தடையைக் கழித்தாலும் தகரத்தை அலறவைக்க அது போதும்.

விழுந்ததைப் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைத்தோமே, அங்கே நம் கையின் இயக்கச் சக்தி வெப்பமாகிக்கொண்டிருந்தது.