கருந்துணிக்குள் – 14: லேபிளுக்குப் பின்னால்

மரக் கேமரா கோவில்பட்டியிலிருந்து புதூருக்கு வந்த கதையும், 4×5 அங்குல பிலிமுக்காக ஆசாரி அதற்குப் புதுப் பின்பலகை செய்த கதையும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். போன வாரம் துருத்தி கிழிந்ததோடு நின்றோம். அவ்வளவு போதும். இந்த வாரம் லென்ஸ். கட்டுரை நாளைக் காலை போய்ச் சேர வேண்டும். இங்கே மத்தியானத்திலிருந்து மின்சாரம் இல்லை. கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 25,000 ரூபாய். உளுந்து போட்ட பணம். வேறு செலவு வந்து வாசலில் நிற்பதற்கு முன்னால் அதை லென்ஸாக மாற்றிவிட வேண்டும் என்று மூன்று வாரமாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய பிலிம் கேமராக்காரர்கள் முதலில் சொல்லும் பெயர்கள் இரண்டு, இரண்டும் ஜெர்மனி: 1877இல் தொடங்கிய ரோடன்ஸ்டாக், 1913இல் தொடங்கிய ஷ்னைடர். அந்தப் பெயர் முன்வளையத்தில் பொறித்திருக்கும் நல்ல லென்ஸுக்கு, பழைய சரக்காகவே இருந்தாலும், எனக்குச் சொல்லப்பட்ட விலையெல்லாம் என் பணத்தைத் தாண்டி நின்றன. சுங்கத் தீர்வை வேறு.

ஆனால் அதே பட்டறையில் தேய்த்த அதே கண்ணாடி வேறு பெயரில், விலை குறைவாகக் கிடைக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலையை நாங்கள் ‘ஆபீஸ்’ என்போம். ஒரே ஆபீஸில் ஒரே மருந்தில் முக்கிய குச்சி ஒரு லேபிளில் பக்கத்துக் கடைக்கும், இன்னொரு லேபிளில் வடநாட்டுக்கும் போகும். வடக்கத்தி வியாபாரி தன் பெயரைப் போடச் சொன்னால் அந்தப் பெயரில் லேபிள் அச்சாகி வரும். தீப்பெட்டி ஆபீஸில் வெகுகாலம் கணக்கெழுதிய என் மாமாவிடம் லென்ஸ் விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “லேபிளப் பாத்து என்னத்தக் கண்ட மாப்ள? மருந்து எங்க முக்குனதுன்னு கேளு.”

கேட்டேன். மூன்று வாரமும் அந்த விசாரணைதான்.

சிகாகோவில் கால்யுமெட் என்றொரு நிறுவனம் இருந்தது. ஸ்டுடியோக்களுக்கு வேண்டிய சாமான் விற்றவர்கள். அவர்களுடைய அமெரிக்கக் கடைகள் 2014இல் மூடிவிட்டன. பிறர் செய்த லென்ஸை வாங்கி, ‘கால்டர்’ என்று தங்கள் பெயரைப் பொறித்து, விலையைக் கொஞ்சம் இறக்கி விற்றார்கள். தொடக்க காலத்துக் கால்டர்களை ராச்செஸ்டர் நகரத்து ஐலெக்ஸ் செய்தது. பிற்காலத்தில் ஷ்னைடரும் ரோடன்ஸ்டாக்கும் செய்துகொடுத்தார்கள். ‘கால்டர் எஸ்-2’ என்றிருந்தால் உள்ளே ஷ்னைடரின் சிம்மார்-எஸ். ‘கால்டர் 2-என்’ என்றிருந்தால் ரோடன்ஸ்டாக்கின் சிரோனார்-என். சுவிட்சர்லாந்தின் சினார் கேமராக்காரர்கள் ‘சினாரோன்’ என்று விற்றதும் ரோடன்ஸ்டாக்தான். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் தூக்கித் திரிந்த கிராஃப்ளெக்ஸ் கேமராவில் வரும் 135 மி.மீ. ‘ஆப்டார்’, பெரும்பாலும் வோலன்சாக் செய்த ராப்டார். லின்ஹாஃப் கேமரா நிறுவனம் மட்டும் எதிர்வழி: பிறர் லென்ஸைச் சோதித்துப் பொறுக்கி, செய்தவர் பெயருக்குப் பக்கத்திலேயே தன் பெயரையும் பொறித்தது. அந்தப் பெயர் சேர்ந்தால் விலை ஏறும்.

ஆகவே ‘கால்டர்’ என்ற பெயர் மட்டும் தரத்துக்குச் சாட்சி சொல்லாது. எந்தக் காலத்தில் யார் செய்தது என்பதைப் பின்னால் வரும் எழுத்துதான் சொல்லும். அந்த ஓர் எழுத்தில் நான் வழுக்கி விழப் பார்த்தேன்.

மும்பை வியாபாரி ஒருவர் 150 மி.மீ. கால்டர் ஒன்றின் படம் அனுப்பினார். ரோமன் எண்ணில் இரண்டு, ரோடன்ஸ்டாக் செய்ததுதான். விலை என் கைக்குள். பணம் அனுப்பப் போன நேரத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2-என் இல்லை, 2-இ. அதுவும் ரோடன்ஸ்டாக்தான், ஆனால் அவர்களுடைய எளிய ரகமான ஜெரோனார். மூன்றே மூன்று கண்ணாடி. சிரோனார்-என்னில் ஆறு. 150 மி.மீ. ஜெரோனார் எஃப் 6.3, சிரோனார்-என் எஃப் 5.6, வளையத்தில் இருக்கும் இந்த எண்ணைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம். வியாபாரி பொய் சொல்லவில்லை. நான் கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்று கண்ணாடி மட்டமா? ஆளை உட்காரவைத்து முகம் எடுக்க அது தாராளமாகப் போதும், எடையும் குறைவு. எனக்குத்தான் போதாது. நான் இந்தக் கேமராவைக் கழுகுமலைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே வட்டெழுத்தில் பெயர்களோடு. மேல் வரிசைக்காகக் கேமராவை அண்ணாத்தினால் வரிசைகள் மேலே போகப் போகக் குறுகி, பாறை பின்னால் சாய்ந்ததுபோல ஆகிவிடும். பெரிய கேமராவில் அண்ணாத்த வேண்டாம். பெட்டியை நேராக வைத்து லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றலாம். ஏற்றினால் லென்ஸ் வீசும் பிம்ப வட்டம் பிலிமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூலை கறுத்துவிடும். எஃப் 22இல் 150 மி.மீ. ஜெரோனாரின் வட்டம் 180 மி.மீ., சிரோனார்-என்னின் வட்டம் 214 மி.மீ. பார்த்தால் 34 மி.மீ.தான் வித்தியாசம். பிலிமைப் படுக்கையாக வைத்து, படம் விழும் பரப்பு 96×120 மி.மீ. என்று கொண்டு பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதலாவதை 19 மி.மீ. ஏற்றலாம். இரண்டாவதை 40 மி.மீ. பாறையிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்க இடம் கிடைத்தால் பிலிமில் 1 மி.மீ. என்பது பாறையில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். ஒன்றில் கிட்டத்தட்ட 2 மீட்டர் மேலே போகலாம், மற்றதில் 4 மீட்டர். ஓர் எழுத்து மாறினால் எனக்கு ஒரு வரிசைத் தீர்த்தங்கரர்கள் போய்விடுவார்கள்.

இதற்கு அடுத்து ஷட்டரைச் சோதிப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் துருத்தி மறுபடி குறுக்கே வந்துவிட்டது. துருத்தியை முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

எட்டயபுரம் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகக்காரர்களின் ஆர்மோனியப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கேமராத் துருத்தியைத் தொட ஆளில்லாமல் கடைசியில் அவரிடம் கொண்டுபோனேன். எந்தப் பக்கம் கேமரா, எந்தப் பக்கம் ஆள் என்றுகூடக் கேட்கவில்லை. மடிப்பை விரித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“இதுவும் பெட்டிதான தம்பி. அதுல காத்து வெளிய போகக்கூடாது, இதுல வெளிச்சம் உள்ள வரக்கூடாது. மடிப்பு ஒண்ணுதான்.”

மெல்லிய ஆட்டுத்தோலைச் சீவி உள்பக்கமாக ஒட்டினார். ஓர் ஊசிமுனை வெளிச்சம்கூட இப்போது இல்லை.

அவர் சொன்னது மனதிலேயே கிடந்தது. ஐந்து நாள் கழித்து ஆலப்புழையின் வாகீஸ்வரி கேமராக் கதையைப் படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தேன். 1940களில் ஆலப்புழையில் இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த குடும்பம். ஊர்ப் புகைப்படக்காரர் ஒருவர் தன் கேமராவின் துருத்தி கெட்டுப்போய் அவர்களிடம் கொண்டுவந்தார். அந்த வீட்டுப் பிள்ளை கருணாகரன் கேமரா என்ற பொருளை அக்கக்காகப் புரிந்துகொண்டது அப்படித்தான். பிறகு தானே செய்ய ஆரம்பித்தார். தேக்கு, பித்தளை, மடிப்புத் துருத்தி. வாகீஸ்வரி என்ற பெயரில் அந்தக் கேமராக்கள் இந்தியா முழுக்க ஸ்டுடியோக்களுக்குப் போயின. 1980கள் வரைக்கும் செய்தார்கள். எட்டயபுரத்துப் பெரியவர் என் கேமராவைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியத்தை, ஆலப்புழையில் யாரோ அதே மாதிரித் துருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. மரமும் தோலும் பித்தளையும் நம் ஆசாரிகளின் கையில் இருந்தன. லென்ஸ் வெளியிலிருந்து வந்தது. நம் ஊர்களில் பெட்டி உள்ளூர்ச் சரக்கு, கண் மட்டும் பரதேசி. அப்பா அம்மா கல்யாணப் படத்தை எடுத்த பெட்டி தேக்கா வாகையா என்று சொல்லிவிடலாம். எந்தக் கண் அவர்களைப் பார்த்தது என்று சொல்ல முடிவதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். மிகப் பெரிய காரியம். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது, வளையத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்பதைத்தான். படத்தில் அது விழாது. என் கேமராவின் பழைய லென்ஸ் பலகையிலும் திருகு ஓட்டைகள் மட்டுமே மிச்சம். கண்ணைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டார்கள்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன்.

2-என் ஒன்று கடைசியில் சென்னையில் அகப்பட்டது. 150 மி.மீ., கோப்பல் 0 ஷட்டரில். 23,000 ரூபாய். நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்கினேன். பழைய லென்ஸைப் படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கைவிளக்கை லென்ஸின் பின்னால் சாய்த்துப் பிடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல நூல் ஓடினால் பூஞ்சை. விளிம்பிலிருந்து உள்நோக்கி எண்ணெய் பரவியதுபோல வானவில் நிறம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். இரண்டும் இருந்தால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். தூசிக்கு, மேலே தெரியும் ஒரு மெல்லிய கீறலுக்கு, பயப்பட வேண்டியதில்லை. ஷ்னைடர் செய்த லென்ஸ்களின் உள்விளிம்பில் கறுப்பு வண்ணம் உரிந்து பொட்டுப் பொட்டாக வெள்ளை தெரியும். பார்க்க நோய் மாதிரி இருக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது. அதைக் காட்டித் தாராளமாக விலை குறைத்துக் கேளுங்கள்.

கடற்கரை நகரத்தில் கிடந்த லென்ஸ் என்பதால் பூஞ்சையைத்தான் அதிகம் தேடினேன். இல்லை. இனி வரவும் விடமாட்டேன். கரிசல் காட்டின் வறண்ட காற்று பயிருக்கு ஆகாது, லென்ஸுக்கு ஆகும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் ஈரத்துக்குப் பயந்து டப்பாவில் அடைத்துவைத்தால் போதும். மற்ற மாதங்களில் பயம் புழுதியைக் கண்டுதான். கரிசல் புழுதி மாவு மாதிரி. ஷட்டருக்குள் போனால் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் வத்தல் காயும் நாட்களில் லென்ஸ் டப்பாவைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஷட்டர் இன்னும் பாக்கி. கோப்பல் 0இல் 1 நொடியிலிருந்து 1/500 நொடி வரை இருக்கிறது. கடையில் 1 நொடி வைத்து அமுக்கியபோது எனக்கு ஒன்றரை நொடிபோலக் கேட்டது. என் காது தவறா, உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டதா என்பதைக் கைப்பேசியில் சத்தத்தைப் பதிவுசெய்து அளக்கலாம். அளக்குமுன் லென்ஸைப் பலகையில் ஏற்ற வேண்டும். பலகையில் துளை 34.6 மி.மீ. இருக்க வேண்டும். ஆசாரியிடம் அளவைச் சொன்னேன். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஆறைக் கேட்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, திங்கட்கிழமை லென்ஸையே கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஷட்டரும், நேரமிருந்தால் எக்ஸ்ரே பிலிமை வெட்டி உபயோகிக்கும் விஷயமும் அடுத்த வாரம்.