பெட்டிக்குள் இருக்கும் பெருந்தலையார்

காரைக்காலில் பழைய குடும்பங்களில் பாகப் பிரிவினை நடக்கும்போது, நகைநட்டுகளோடு பெரிய வெள்ளி நாணயம் ஒன்றிரண்டும் வெளிவருவதுண்டு. "தாத்தா சைகோனிலிருந்து கொண்டு வந்த சீன ரூபாய்" என்பார்கள். அடுத்து அது போய்ச் சேருமிடம் பத்தர் பட்டறை. கொலுசாக உருமாறும் முன் அதைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் என்ன?

1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் விலகியது. அதற்கு முன்பு காரைக்கால்காரர் பலர் இந்தோ-சீனாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள். அங்கே புழங்கியது 'பியாஸ்தர்'. ஆகவே, கதிர்முடி சூடிய மாது ஒருத்தி அமர்ந்திருந்தால் அது சீன நாணயமே அல்ல; 1885 முதல் 1928 வரை பிரெஞ்சுக்காரர் அடித்த பியாஸ்தர். 1896 முதல் வந்தவற்றில் எடை 27 கிராம், மாற்று 0.900 என்று நாணயமே சொல்லிவிடும். நமக்கு வேலை மிச்சம்.

மீசை வைத்த தடித்த மனிதர் ஒருவர் பக்கவாட்டில் தெரிகிறாரா? அவர்தான் சீனக் குடியரசின் தலைவராயிருந்த யுவான் ஷிகாய். சீனர் இந்தக் காசைப் 'பெரிய தலை' என்றே கேலியாக அழைத்தனர். பின்புறம் இரு தானியக் கதிர்களின் நடுவே 'ஒரு யுவான்' என்ற இரண்டு எழுத்துக்கள்.

தலைக்கு மேலுள்ள வரியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இடக்கோடியிலிருந்து இரண்டாவது எழுத்து மூன்று படுக்கைக் கோடுகளாக இருந்தால், குடியரசின் மூன்றாம் ஆண்டு. அதோடு 1911-ஐக் கூட்டினால் 1914! எட்டு, ஒன்பது, பத்தாம் ஆண்டு நாணயங்களும் உண்டு.

மேலே சிறு முத்திரைக் குத்துகள் தெரிந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். வெள்ளி நல்லதுதான் என்று சீன வட்டிக்கடைக்காரரும் காசு நோட்டக்காரரும் இட்ட அடையாளம் அது.

ஆனால் போலிகள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம், போலி. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது, பித்தளையும் ஒட்டாது. நல்ல நாணயம் ஏறத்தாழ 26.7 கிராம் இருக்கும். நம் பழைய வெள்ளி ரூபாய் இரண்டேகாலுக்குச் சற்று மேல். அதை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தால் 2.6 கிராம் அளவு குறையும். வெள்ளி முலாம் பூசிய பித்தளையானால் மூன்று கிராமுக்கு மேல் குறைந்துவிடும். பத்தரின் தராசிலேயே இதைச் செய்யச் சொல்லலாம்.

புளி போட்டுத் துலக்குவது மட்டும் கூடாது. கறுத்த நிறத்தோடு இருப்பதற்குத்தான் சேகரிப்போரிடம் மதிப்பு. நூறு ஆண்டு கடந்த நாணயத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது என்பதையும் விற்க நினைப்போர் மனதில் வைக்க வேண்டும்.