ஃபுட் போர்டு வேறு, ராக் ஸ்லைடர் வேறு: வீட்டு வாசலிலேயே மாட்டுவது எப்படி?

பிக்கப் டிரக்கை ஆற்றுப் படுகையிலும் மலைப் பாதையிலும் இறக்கி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். முன்சக்கரம் பாறையைத் தாண்டிவிடும். பின்சக்கரம் ஏறுவதற்குள் வண்டியின் நடுப்பகுதி ‘கரக்’கென்று கல் மேல் உட்கார்ந்துவிடும். இறங்கிப் பார்த்தால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு நசுங்கியிருக்கும். இதற்கு ராக்கர் பேனல் என்று பெயர். கதவு நசுங்கினால் கழற்றி வேறு கதவு மாட்டிவிடலாம். இது பாடியோடு சேர்ந்த பாகம். டிங்கரிங் பட்டறையில் வெட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்துத்தான் சரிசெய்ய முடியும். அடி பலமாக இருந்தால் கதவே ஒழுங்காக மூடாது.

நீளமான வண்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். மூன்று கதவு மஹிந்திரா தாரில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,450 மி.மீ. இசுஸு வி-கிராஸில் 3,095, டொயோட்டா ஹைலக்ஸில் 3,085. தார் உரசாமல் தாண்டும் மேட்டில் வி-கிராஸ் வயிறு தட்டி நிற்க இதுதான் காரணம்.

அந்த அடியைப் பாடிக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளும் கனமான இரும்புக் குழாய்தான் ராக் ஸ்லைடர். பெயரிலேயே வேலை இருக்கிறது: பாறை மேல் வண்டி சறுக்கிக்கொண்டு போகும். ஜீப் ராங்ளர் ரூபிகானில் இதே வேலையைச் செய்யும் ராக் ரெயில் கம்பெனியிலிருந்தே வருகிறது. நம்மூர் பிக்கப்களுக்கு வெளியே வாங்கித்தான் மாட்ட வேண்டும்.

பார்க்க ஒரே மாதிரி இருக்கே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏறி இறங்க வசதியாக மாட்டும் ஃபுட் போர்டும் ஒரு குழாய்தான். ஆனால் அது ஒரு ஆளின் எடைக்குச் செய்தது. இரண்டு டன்னை நெருங்கும் வண்டி பாறை மேல் உட்கார்ந்தால் அது வளைந்து மேலே போய், அதுவே ராக்கர் பேனலை நசுக்கும். பாதுகாப்புக்கு என்று மாட்டியதே சுத்தியலாகிவிடும்.

அதனால் வாங்கும்போது குழாயின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். நல்ல ஸ்லைடருக்குப் பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு கால்கள் இருக்கும். அவை எல்லாம் நேராக சேசிஸில் போய் உட்கார வேண்டும். ஒரு கால்கூட பாடித் தகட்டைத் தொடக் கூடாது. குழாய்ச் சுவர் சுமார் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். கால் சேசிஸைத் தொடும் இடத்தில் உள்ள பிளேட் அதைவிடத் தடிமனாக இருக்கட்டும். ஒரு பக்கத்து ஸ்லைடரை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுகிறார் கடைக்காரர் என்றால், அது ஃபுட் போர்டுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்டர் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆர்.சி.யில் வண்டியின் எடையும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒரு ஜோடி ஸ்லைடர் 50 கிலோவைத் தாண்டலாம். ஆகவே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முதலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வண்டியின் அகலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல் எதுவும் வேண்டாம். பைக்கில் வருபவரின் கால் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

வெல்டிங்கா, போல்ட்டா?

வீட்டில் என்றால் போல்ட் மட்டும்தான். சேசிஸை ஒட்டியே டீசல் டியூப், பிரேக் லைன், ஒயரிங் எல்லாம் ஓடுகின்றன. அங்கே வெல்டிங் பொறி பறக்கவிடுவது வீட்டு வாசலில் செய்கிற காரியமில்லை. சேசிஸில் புதிதாக ஓட்டை போடுவதும் வேண்டாம், குறிப்பாக அதன் மேல், கீழ்ப் பக்கங்களில். வண்டி வளையும்போது அதிக இழுவிசையும் அழுத்தமும் வருவது அங்கேதான், ஓட்டை விழுந்த இடத்தில் விரிசல் தொடங்கும். ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் மாட்டும் கிட் உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

வேலை எப்படிப் போகும்?

சமமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிக்கப் உயரமான வண்டி என்பதால் தூக்காமலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஜாக்கை நம்பி மட்டும் கீழே போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் தலையை உள்ளே விடவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வைப்பது அதைவிட ஆபத்து. எடை ஏறினால் அவை திடீரென்று நொறுங்கும்.

பழைய ஃபுட் போர்டைக் கழற்ற முதல் நாள் இரவே போல்ட்களில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். அடுத்த நாள் பாதி மல்லுக்கட்டு மிச்சம்.

சில கிட்களில் நட் பிளேட்டைக் கம்பியில் கோர்த்து, பெட்டி போன்ற சேசிஸுக்குள் நுழைத்து, ஓட்டைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பொறுமை வேண்டும். கம்பி நழுவி நட் உள்ளே விழுந்தால், அது வண்டியின் ஆயுள் முழுக்க உள்ளே கிலுகிலுப்பை ஆட்டும்.

ஸ்லைடரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆள் இல்லையென்றால் டிராலி ஜாக்கின் மேல் மரக்கட்டை வைத்து மெல்ல ஏற்றலாம். இனி முக்கியமான கட்டம். எல்லா போல்ட்களையும் முதலில் கையால் சில சுற்று மாட்டுங்கள், எதையும் இறுக்காதீர்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கடைசி ஓட்டை நேருக்கு வராது. வம்பாக ஸ்பேனர் போட்டால் மரை போய்விடும்.

எல்லாம் உட்கார்ந்த பிறகு இடைவெளியைப் பாருங்கள். பாடி, சேசிஸ் மேல் ரப்பர் புஷ்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக அசையும். ஸ்லைடருக்கும் பாடிக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைய வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது உரசி பெயின்ட் போகும். நான்கு கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு டார்ச் அடித்து ஒவ்வொரு காலின் பின்னாலும் பிரேக் லைனோ ஒயரோ நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்காகப் பத்து நிமிடம் செலவழித்தாலும் தப்பில்லை.

கடைசியில் டார்க் ரெஞ்ச். ‘கை வலிக்கும் வரை இறுக்கு’ என்பது கணக்கில்லை. கிட்டோடு வரும் அட்டவணையில் போட்டிருக்கும் அளவுக்கே இறுக்குங்கள். குறைந்தால் போல்ட் கழலும், மிஞ்சினால் இழுபட்டுப் பலவீனமாகும். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பின்னும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, மீண்டும் ரெஞ்ச் போட வேண்டும். பாறையில் உரசிப் பெயின்ட் போன இடத்தில் பிரைமரும் கறுப்பு ஸ்ப்ரேயும் அடித்தால் போதும். கடலோர ஊர்க்காரர்கள் அதை அன்றைக்கே செய்துவிடுவது நல்லது.