ஆஸ்டியோபதி மருத்துவர் படிப்பு: பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்ற ஆஸ்டியோபதி மருத்துவர் முழு உரிமம் பெற்ற மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். 50 மாநிலங்களிலும் அங்குள்ள வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. பெற்றவருக்கு உள்ள உரிமை அவருக்கும் உண்டு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் ஊரில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த இத்துறைக்கு அந்த உரிமை எளிதில் வாய்க்கவில்லை. டி.ஓ.க்களை இராணுவ மருத்துவர்களாக ஏற்கவே 1966 ஆகிவிட்டது. இன்று பாடத்திட்டம் பெரும்பாலும் எம்.டி. படிப்புதான்; எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சோதித்துச் சீர்செய்யும் பயிற்சி ஏறத்தாழ 200 மணி நேரம் கூடுதல்.

பிற நாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெறும் ஆஸ்டியோபத் கைச்சிகிச்சையாளர். அந்தத் தகுதி மட்டும் அவரை மருத்துவர் ஆக்காது. அத்தகைய பட்டயத்தை வைத்து அமெரிக்காவில் மருத்துவ உரிமம் கேட்கவும் முடியாது. வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் மழுப்புவது இங்கேதான். பல நாடுகளில் அந்தப் பட்டயத்துக்கும் ‘டி.ஓ.’ என்றே பெயர் இருப்பது அவர்களுக்கு வசதியாகிவிடுகிறது.

அமெரிக்க டி.ஓ. பாதை நீளமானது. பொதுவாக ஓர் இளநிலைப் பட்டம், எம்கேட் நுழைவுத் தேர்வு, 4 ஆண்டுப் படிப்பு, கோம்லெக்ஸ் எனும் உரிமத் தேர்வுகள், பிறகு துறையைப் பொறுத்து 3 முதல் 7 ஆண்டு ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி. இணையவழியில் ஓரிரு ஆண்டில் டி.ஓ. என்று விளம்பரம் வந்தால் அது மருத்துவப் பட்டமாக இருக்க வழியில்லை. வெளிநாட்டவரைச் சேர்க்காத கல்லூரிகளும் உண்டு. சேர்க்கும் கல்லூரியிலும் மாணவர் விசாவில் வருபவருக்கு அமெரிக்க அரசின் கல்விக்கடன் கிடையாது. கல்லூரிக்கு கோகா என்னும் ஆஸ்டியோபதி அங்கீகாரக் குழுவின் அங்கீகாரம் உள்ளதா என்பதை முகவரிடம் கேட்காமல் அக்குழுவின் பட்டியலிலேயே பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்குத் திரும்ப நினைப்பவருக்கு இன்னொரு சிக்கல். வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான 2021 விதிமுறைகள் குறைந்தது 54 மாதப் படிப்பைக் கேட்கின்றன. 4 ஆண்டு டி.ஓ. படிப்போ 48 மாதம். தேசிய மருத்துவ ஆணையத்திடம் முன்கூட்டியே எழுத்துமூலம் பதில் வாங்குவது அவசியம். பதிவில்லாமல் இங்கே மருத்துவம் பார்த்தால், 2019 ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பொய் வாக்குறுதியால் பணம் இழந்தவர் ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடக் கூடாது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் தரலாம். முகவரின் சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக 2 ஆண்டுக் காலக்கெடு உண்டு. வழிகாட்டலுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.