அக்கரையில் பெற்ற பட்டம்

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாயும் மகளும் என்னைத் தேடி வந்தார்கள். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தாய் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்தவள் போலும். படங்கு கட்டியிருந்த இடத்தில் சேலையின் ஈரம் இன்னும் உலரவில்லை. மகள் உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியவள். அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகவும், இரண்டு வாரங்களுக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் ஒரு தரகர் எழுதியிருந்தார்.

"போகட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க சேர்" என்றாள் மகள்.

தாய் தலை நிமிரவில்லை. "கடல் தாண்டிப் போனவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்லீங்க ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

மலைநாட்டின் சரித்திரத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அந்தத் தாய்க்கு நான் கூறிய பதிலை எழுதுமுன், கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த ஒருவனின் கதையை வாசகர்கள் கேட்க வேண்டும். அந்த ஒருவன் நான்தான்.

என் பாட்டனார் 1920களில், திருச்சி ஜில்லாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, மண்டபம் முகாமில் தங்கி, கங்காணியின் பின்னே கண்டிச்சீமைக்கு வந்தவர். இந்தத் தீவில் அவருடைய பெயர் இருந்தது ஒரேயொரு புத்தகத்தில். அது தோட்டத்துச் செக்ரோல். ஒரு நாட்கூலியைத் தோட்டத்தில் 'பேர்' என்று சொல்வது வழக்கம். குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். எங்களுக்குப் பெயர் என்பதே கூலிதான். அதற்கு மேல் ஒரு பெயர் வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அல்லது பாட்டனும் முப்பாட்டனுமோ இத்தீவில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்தவர்களிடம் அத்தாட்சி ஏது? ஆயிரமாயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் நாடற்றவை ஆயின. பின்னர் 1964 அக்டோபர் 30ஆம் தேதி, பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இல்தான் முடிவாயிற்று. எங்கள் வீட்டிலும் பங்கு பிரிந்தது. என் தந்தையார் இலங்கைப் பிரசாவுரிமைக்கு மனுச் செய்தார். சிற்றப்பா இந்தியக் குடியுரிமைக்கு மனுச் செய்தார். 1972இல் ஹட்டன் நிலையத்தில் சிற்றப்பாவின் குடும்பத்தைக் கோச்சி ஏற்றிவிட்டபோது, மேடை முழுவதும் எழுந்த அழுகுரல் இன்றும் என் செவியில் இருக்கிறது.

நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புகளுக்கும் ஆசிரியர் ஒருவரே. அதற்கு மேல் படிக்க நகரத்துக்கு நடந்தேன். எங்கள் மலைகளின் அடிவாரத்தில், பேராதனையில், 1952 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கத்தான் செய்தது. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளில் அதன் வாசலை மிதித்தவர்களை அந்நாளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சில புள்ளிகள் குறைந்ததால் எனக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. ஓர் ஆசிரியர் சென்னைக்கு மனுப்போடச் சொன்னார். தந்தையாருக்குப் பிரசாவுரிமை கிடைத்திருந்ததால் எனக்குக் கடவுச்சீட்டு எடுக்க முடிந்தது. பணத்துக்கு அம்மா சீட்டுப் பிடித்தாள். எங்கள் லயத்துப் பெண்கள் பன்னிருவர் சேர்ந்து போட்ட சீட்டு அது. முதல் சீட்டை எனக்காக மற்றப் பதினொரு பேரும் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்திக்குக்கூட என்ன படிப்பு என்று சொல்லத் தெரியாது. "படிக்கப் போற புள்ளை" என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

1979இல் நானும் அதே மேடையில் நின்றேன். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், செக்ரோலில் வேறுவிதமாகவும், பள்ளிக்கூடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்ட என் பெயரைச் சரிசெய்வதற்கே பல மாதங்கள் அலைந்திருந்தோம். அதை மனத்தில் வைத்துத்தான் அம்மா சொன்னாள்: "போற இடத்துல ஒம் பேரைச் சரியா எழுதச் சொல்லுப்பா."

பொல்காவலையில் வண்டி மாறித் தலைமன்னார் போய், அங்கே கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினேன். சென்னை செல்லும் இரயில் பாம்பன் பாலத்தைக் கடந்து மண்டபத்தில் நின்றபோது ஜன்னலோரம் எழுந்து நின்றேன். பாட்டனார் காத்துக் கிடந்த மண் அது. அவர் கூலியாகக் கடந்த கடலை நான் மாணவனாக எதிர்த்திசையில் கடந்திருந்தேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதனுடன் இணைந்த ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அனுமதிப் பத்திரத்தை வாங்கிப் பார்த்த வயோதிக எழுத்தர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்டார்: "பூர்வீகம் திருச்சி ஜில்லாங்கறீங்க. பேச்சும் நம்ம பேச்சு. அப்புறம் எதுக்குத் தம்பி வெளிநாட்டு மாணவர் பாரம்?"

கேலியாக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஹட்டன் கடைத்தெருவில் 'இந்தியாவுக்குப் போ' என்ற வசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தியாவுக்கு வந்தால் வெளிநாட்டான் என்று எழுதுகிறார்கள்! அன்றிரவு விடுதியில் உறக்கம் வராமல் புரண்டபோதுதான் ஒன்று விளங்கிற்று. இந்த நாடு என்னை வெளிநாட்டான் என்று எழுதியதனால், இலங்கை என் நாடு என்பதற்கு முதன்முறையாக ஓர் அயலாரின் சாட்சியம் கிடைத்துவிட்டது. அந்தச் சொல் கசந்தது. அதே சொல் ஆறுதலும் தந்தது.

முதல் விடுமுறைக்குச் சிற்றப்பாவைத் தேடி நீலகிரியிலுள்ள கூடலூருக்குப் போனேன். தாயகம் திரும்பியோருக்கென்று 1968 முதல் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர்கள் வேலை செய்தார்கள். அதே பனி, அதே லயம், அதே கூடை. என் வயதொத்த தம்பி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவன் இந்தியப் பிரஜை. ஆனால் சுற்றுப்புறத்தார்க்கு அவன் 'சிலோன்காரன்'. நான் இலங்கைப் பிரஜை. ஆனால் ஹட்டனில் சிலருக்கு நான் 'இந்தியாக்காரன்'. ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இருவரும் அடுப்பருகே குந்திப் பிளேன்டீ குடித்தோம். "அண்ணே, நீ படிச்சு முடிச்சா எந்த ஊருக்குப் போவே?" என்று கேட்டான். "நம்ம ஊருக்கு" என்றேன். எந்த ஊர் என்று அவனும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

1982இல் பட்டத்துடன் திரும்பினேன். அடுத்த ஆண்டே, 1983 ஜூலையில், நாடு தீப்பற்றி எரிந்தது. 'அங்கேயே இருந்திருக்கலாமே' என்று கூறாதவர் இல்லை. சில இரவுகளில் நானே என்னிடம் அப்படிக் கூறிக்கொண்டதும் உண்டு. போர் மூண்டபின் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. ஆயினும் பதினொரு பெண்கள் விட்டுக்கொடுத்த சீட்டுக்குப் பதில் சொல்லக்கூடிய இடம் இந்த மலை ஒன்றே. ஆசிரியனாகி இங்கேயே ஓய்வும் பெற்றேன். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிய நாளில் என் தந்தையார் உயிரோடில்லை.

இனி அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னவை. முதலாவது, முன்பணம் கட்டாதே. குறித்த பல்கலைக்கழகத்தின் பட்டத்தை நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று விசாரி. அங்கீகாரமில்லாத பட்டம் இங்கே வேலைக்கு உதவாது. இரண்டாவது, கடனுக்கு முன் புலமைப் பரிசிலைத் தேடு. 1947இல் இந்திய அரசின் ஆதரவில் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், நம் பிள்ளைகள் உள்நாட்டில் படிக்கவே உதவித்தொகை தருவது. இந்தியாவில் பட்டம் பயில நேரு நினைவுப் புலமைப் பரிசில் இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விவரம் கேட்கலாம். மூன்றாவது, உன் பத்திரங்களை எடு.

எடுத்தாள். அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயருக்கும் ஓரெழுத்து வித்தியாசம். தந்தையின் பெயரிலும் பிழை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் பெயரைச் சரியாக எழுத யாரும் கற்றுக்கொள்ளவில்லை! "முதலில் இதைத் திருத்து அம்மா, மற்றதெல்லாம் பிறகு" என்றேன்.

பிறகு தாயின் பக்கம் திரும்பினேன். "அன்றைக்குப் போனவர்கள் அனுப்பப்பட்டவர்கள் அம்மா. திரும்பி வர அவர்களுக்கு வழி இல்லை. உங்கள் மகள் தானாகப் போகப் போகிறவள். அவளுடைய கடவுச்சீட்டில் இந்த நாட்டின் பெயர் இருக்கும். அவள் திரும்பி வருவதும் வராததும் அவள் கையில்; யாரும் கதவை அடைக்க முடியாது" என்றேன்.

அவள் சற்று நேரம் யோசித்தாள். "நாளைக்கு அரைப்பேர்தான் கிடைக்கும். பரவாயில்லை, பதிவாளர்கிட்டே போயிட்டு வர்றோம்" என்று மகளின் பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க இருவரும் பனிக்குள் விரைந்தார்கள்.